காந்தப்புலத்தினுள் கதிரளவு: நிறம் மாறும் பிலிமின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சையில் திட்டமிட்ட கதிரளவும் கொடுக்கப்பட்ட கதிரளவும் ஒன்றுதானா எனச் சரிபார்ப்பதற்கு, கதிர் பட்டவுடன் தானே நிறம் மாறும் பிலிம்கள் பயன்படுத்தப்படுகின்றன. எம்.ஆர்.ஐ. கருவியும் நேரியல் முடுக்கியும் ஒரே இயந்திரமாக இணைக்கப்பட்டபோது, வலிய காந்தப்புலத்தினுள் கதிரை அளக்க வேண்டிய நிலை மருத்துவ இயற்பியலுக்கு ஏற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயன்பட்ட நிறமாறும் வில்லைகளில் தொடங்கி இன்றைய பிலிம்கள் வரையிலான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாற்றைப் பொருளின் வளர்ச்சியாக மட்டும் காண்பது போதாது. நிறத்தை எண்ணாக வாசிக்கும் முறையின் வரலாறாகவும் அதைக் காணவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: கதிரளவியல், நிறமாற்றப் பிலிம், எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் கதிர்வீச்சுச் சிகிச்சை, காந்தப்புலம், அயனிக்கலம், மருத்துவ இயற்பியல் வரலாறு

முன்னுரை

கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருந்து கண்ணுக்குப் புலப்படாது. மாத்திரையை எண்ணலாம், ஊசி மருந்தை அளவுக்குழலில் பார்க்கலாம். கதிரை அவ்வாறு பார்க்க இயலாது. நோயாளி அதை உணர்வதும் இல்லை. அளவு மிகுந்தால் அதன் விளைவு சில நாட்களுக்கோ பல மாதங்களுக்கோ பின்னரே வெளிப்படும். அளவு குறைந்தால் கட்டி மீண்டும் வளரும்போதுதான் தெரியவரும். பன்னாட்டுக் கதிர்வீச்சு அலகுகள் ஆணையம் 1976இல் வெளியிட்ட தனது 24ஆம் அறிக்கையில், கட்டிக்குச் சேரும் கதிரளவு திட்டமிட்டதிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகலாகாது என வரையறுத்தது. இவ்வரையறை ஏட்டளவிலான நுணுக்கம் அன்று. 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2001இன் தொடக்கத்திலும் பனாமா நாட்டின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சிகிச்சைத் திட்டக் கணினிக்குத் தரவு உள்ளிடப்பட்ட முறையால் 28 நோயாளிகள் மிகையான கதிரளவைப் பெற்றனர். அவர்களுள் பலர் உயிரிழந்தனர். கணினி தந்த எண்ணை வேறொரு வழியில் சரிபார்க்காமையே அத்துயரத்தின் வேர் எனப் பன்னாட்டு அணுசக்தி முகமையின் விசாரணை காட்டியது.

‘வேறொரு வழி’ என்னும் இத்தேவையே இக்கட்டுரையின் மையம். அவ்வழிகளுள் எளியது பிலிம். மின்னிணைப்போ மின்னணுச் சுற்றோ அதற்கு வேண்டியதில்லை. கதிர் பட்ட இடத்தில் கறுக்கும், படாத இடத்தில் கறுக்காது. இவ்வளவு எளிய ஒன்று, இன்றைய மிகச் சிக்கலான சிகிச்சை இயந்திரத்தினுள்ளும் எவ்வாறு இடம்பெற்றது என்பதே ஆராயத்தக்கது.

சொல்லாட்சி குறித்து ஒரு குறிப்பு. ரேடியோகுரோமிக் பிலிம் என மருத்துவமனைகளில் வழங்குவதை இங்கு ‘நிறமாற்றப் பிலிம்’ என்கிறேன். ‘படலம்’ என்னும் சொல் இயற்பியலில் வேறு பல பொருள்களில் வழங்குவதாலும், ‘படச்சுருள்’ என்றால் திரைப்படச் சுருளே நினைவுக்கு வருவதாலும் ‘பிலிம்’ என்பதையே கையாள்வது தெளிவு தரும்.

வில்லையும் விளக்கும்

ராண்ட்கன் 1895 நவம்பரில் ஊர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த சில மாதங்களுக்குள் அக்கதிர் மருத்துவத்துக்கு வந்துவிட்டது. அளக்கும் முறையோ வரவில்லை. தோல் சிவக்கும் வரை கொடுப்பது என்பதே தொடக்கக்கால வழக்கமாயிற்று. அதாவது, நோயாளியின் உடலே அளவுகோல். சிவப்பு தோன்றச் சில நாட்கள் ஆகும் என்பதால் அந்த அளவுகோல் எப்போதும் காலந்தாழ்த்தியே பேசியது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்கள் நிறத்தைத் துணைக்கு அழைத்தனர். வியன்னாவைச் சேர்ந்த கைடோ ஹோல்ஸ்நெக்ட் 1902இல், கதிர் பட்டால் நிறம் மாறும் உப்புக் கலவையைக் கொண்டு ஓர் அளவியை அமைத்தார். 1904இல் பாரிசில் ரேமண்ட் சபுரோவும் ஹென்றி நுவாரேயும் பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சிறு வில்லையை அறிமுகப்படுத்தினர். பச்சை நிற வில்லை கதிர் பட்டபின் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். அதனுடன் இரு நிறங்கள் அச்சிட்ட ஒப்பீட்டு அட்டை ஒன்று தரப்பட்டது. கதிர்படாத நிறம் ‘அ’. தலைமயிர் உதிர்வதற்குப் போதுமான அளவைக் காட்டும் நிறம் ‘ஆ’. வில்லை ‘ஆ’ நிறத்தை அடைந்ததும் கதிரை நிறுத்திவிட வேண்டும்.

இதன் பயன் குழந்தைகளின் தலையில் தோன்றும் படைநோய்க்கானது. நோயுற்ற மயிரை ஒரே அமர்வில் உதிரச் செய்தால், மாதக்கணக்கில் நீளும் மருத்துவம் தேவைப்படாது. அளவு குறைந்தால் மயிர் உதிராது. மிகுந்தால் மீண்டும் முளைக்காது, தோலும் புண்ணாகும். ஆகவே, ஒரு குழந்தையின் தலை அந்த வில்லையின் நிறத்தை நம்பியிருந்தது. (அளவு சரியாகவே கொடுக்கப்பட்ட குழந்தைகளிடமும் பிற்காலத்தில் தைராய்டு, மூளை ஆகியவற்றில் கட்டிகள் மிகுந்து காணப்பட்டதை 1970கள் முதலான ஆய்வுகள் வெளிப்படுத்தின. அளவைச் சரியாகக் கொடுப்பதும், கொடுக்கத்தக்க அளவு எது என அறிவதும் வெவ்வேறு வினாக்கள்.)

இவ்வில்லையைப் பயன்படுத்திய முறை நுட்பமானது. தோலின்மீது வைத்தால் நிறமாற்றம் மிகச் சிறியதாக இருக்கும். எனவே கதிர்க்குழாயின் குவியத்துக்கும் தோலுக்கும் நடுவே, பாதித் தொலைவில் அதை வைத்தனர். தொலைவு பாதியானால் கதிரின் செறிவு நான்கு மடங்காகும். தோல் ஒரு பங்கு பெறும்போது வில்லை நான்கு பங்கு பெறுகிறது. எளிய கணக்கு, ஆனால் வில்லை சற்றே இடம் பெயர்ந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும். மேலும், நிறத்தை எந்த வெளிச்சத்தில் ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தும் முடிவு மாறியது. பகல் வெளிச்சத்தில் ‘ஆ’ எனத் தோன்றுவது விளக்கொளியில் அவ்வாறு தோன்றாது. பார்ப்பவரின் கண்ணும் ஒருவருக்கொருவர் வேறுபடும். பொருள் தன் வேலையைச் செய்தது. அதை வாசிப்பதில்தான் குழப்பம் நேர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் இதே வகைக் குழப்பம் வேறு வடிவில் எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

1928இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டுக் கதிரியல் மாநாடு, காற்றில் உண்டாகும் அயனிகளின் மின்னூட்டத்தை அடிப்படையாகக் கொண்டு ராண்ட்கன் என்னும் அலகை ஏற்றது. அதன்பின் அயனிக்கலமே கதிரளவியலின் அரியணையில் அமர்ந்தது. சிறு அறையில் அடைபட்ட காற்று, அதன் நடுவே ஒரு மின்வாய், வெளியே ஒரு மின்னளவி. நிறம் பார்க்கும் முறை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

வெள்ளி உப்பின் காலம்

ஒளிப்பட பிலிம் கதிரியலின் பிறப்பிலேயே உடனிருந்தது. 1896 மார்ச் தொடக்கத்தில் ஹென்றி பெக்கரல், யுரேனிய உப்புடன் இழுப்பறையில் வைத்திருந்த தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, சூரிய ஒளியே படாதிருந்தும் அதில் கறுமை படிந்திருந்தது. அந்தக் கறுமையை எண்ணாக்கும் வழி அதற்கு முன்பே இருந்தது. 1890இல் இங்கிலாந்தில் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வீரோ டிரிஃபீல்டு ஆகிய இருவரும் ஒளிபட்ட அளவுக்கும் தகட்டின் ஒளியடர்த்திக்கும் உள்ள தொடர்பை வளைவரையாகக் காட்டியிருந்தனர். ஒளிப்படக் கலைஞருக்காக வரைந்த அவ்வளைவரையே பிறகு கதிரளவியலுக்கும் உதவியது.

அயனிக்கலம் ஓர் இடத்தின் அளவை மட்டுமே சொல்லும். பிலிம் ஒரு தளம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதியும். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில், கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் முறை வந்தபோது இவ்வியல்பு இன்றியமையாததாயிற்று. சில மில்லிமீட்டருக்குள் கதிரளவு செங்குத்தாகச் சரியும் இடங்களில், ஒற்றைப் புள்ளியை அளந்து நிறைவடைய முடியாது.

எனினும் வெள்ளி உப்பு பிலிமுக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது இயற்பியல் சார்ந்தது. வெள்ளியின் அணு எண் 47, புரோமினுடையது 35. உடலின் பெரும்பகுதி நீராலானது. அணு எண் மிகுந்த பொருள் ஆற்றல் குறைந்த ஃபோட்டான்களைப் பன்மடங்கு உறிஞ்சும். ஆகவே சிதறிய மென்கதிர் மிகுந்த இடங்களில் பிலிம் உண்மையைவிட மிகையாகக் கறுத்தது. இரண்டாவது குறை இருட்டறை சார்ந்தது. கழுவும் கரைசலின் வெப்பநிலையும் பழமையும் கறுமையை மாற்றின. காலையில் கழுவிய பிலிமும் மாலையில் கழுவிய பிலிமும் ஒன்றாக இருப்பதில்லை. ஊடுகதிர்ப் படப்பிடிப்பு எண்ணியல் முறைக்கு மாறியதும், மருத்துவமனைகளில் பிலிம் கழுவும் இயந்திரங்களே மறையத் தொடங்கின. வெள்ளி பிலிம் கதிரளவியலில் வழக்கொழிந்தமைக்கு அதன் இயற்பியல் குறையைவிட இருட்டறையின் மறைவே பெரிய காரணம் என்று கருதுகிறேன். அக்குறையுடன் பல பதிற்றாண்டுகள் வாழப் பழகியிருந்தவர்கள், கழுவ இடமின்றி வாழ இயலவில்லை.

ஊசிப்படிகங்கள்

கழுவாமலே தோன்றும் படம் புதிய கனவு அன்று. 1820களில் நிசெஃபோர் நியெப்ஸ் தம் சன்னல் காட்சியைப் பதிந்த தகட்டில் இருந்தது வெள்ளி உப்பு அன்று. ஒளிபட்டால் இறுகும் நிலக்கீல். கதிரால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைவதே படமாகும் என்னும் கருத்து அங்கிருந்தே தொடங்குகிறது.

அக்கருத்து கதிரளவியலுக்குப் பயன்படும் வடிவத்தைப் பெற்றது டைஅசெட்டிலீன் சேர்மங்களால். இச்சேர்மங்களின் படிகத்தில் ஒருபடி மூலக்கூறுகள் அருகருகே அடுக்கப்பட்டுள்ளன. ஆற்றல் கிடைத்ததும் அவை தம் இடத்தைவிட்டு விலகாமலே கைகோத்து நீண்ட பலபடிச் சங்கிலியாகின்றன. திண்ம நிலையிலேயே நிகழும் இவ்வினையை ஜெர்மானிய வேதியியலர் கெர்ஹார்ட் வெக்னர் 1969இல் விளக்கினார். நிறமற்ற ஒருபடி நீல நிறப் பலபடியாகிறது. கதிரளவு கூடக்கூடச் சங்கிலிகளின் எண்ணிக்கையும் நிறத்தின் செறிவும் கூடும்.

1980களில் அமெரிக்காவின் காஃப் நிறுவனத்தில் டேவிட் லூயிஸ் உள்ளிட்ட வேதியியலர் இதை பிலிமாக்கினர். காஃப்குரோமிக் என்னும் வணிகப்பெயர் அந்நிறுவனப் பெயரிலிருந்து வந்தது. தொடக்கக்கால வகைகளுக்குப் பற்பல கிரே அளவிலான கதிர் தேவைப்பட்டது. அவை மருத்துவத்தைவிடத் தொழிற்சாலைக்கே ஏற்றவை. ஒரு நாள் சிகிச்சையில் வழக்கமாகக் கொடுக்கப்படும் 2 கிரே அளவைத் தெளிவாகக் காட்டிய வகை 2004இல் இ.பி.டி. என்னும் பெயரில் வந்தது. ‘புறக்கதிர்ச் சிகிச்சை’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. 2009இல் இ.பி.டி.2, 2011இல் இ.பி.டி.3 எனத் தொடர்ந்தன.

இ.பி.டி.3 பிலிமின் அமைப்பு எளியது. ஏறத்தாழ 28 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள உணர்படை, இருபுறமும் 125 மைக்ரோமீட்டர் பாலியெஸ்டர் தாள்களுக்கு இடையில் உள்ளது. அவ்வுணர்படையில் டைஅசெட்டிலீன் வகைக் கொழுப்பமிலம் ஒன்றின் லித்தியம் உப்பு நுண்ணிய ஊசிப்படிகங்களாகப் பரவியிருக்கிறது. அணு எண் மிகுந்த தனிமங்கள் பெருமளவில் இல்லாமையால், அது கதிரை ஏறக்குறைய நீரைப் போலவே ஏற்கிறது. அறை வெளிச்சத்தில் கையாளலாம், கத்தரிக்கோலால் வெட்டலாம், நீரில் சிறிது நேரம் வைக்கலாம். வெள்ளி பிலிமின் இரு குறைகளும் ஒருசேர நீங்கின.

ஆயினும் வில்லையின் சிக்கல் நீங்கவில்லை. இடம் மாறியது, அவ்வளவே. இருட்டறைக்குப் பதிலாக இப்போது அலுவலகங்களில் காணப்படும் தட்டை ஸ்கேனர். ஊசிப்படிகங்கள் பிலிம் பூசப்பட்ட திசையையொட்டி ஒழுங்குபடுவதால் அவற்றை ஊடுருவும் ஒளி முனைவாக்கம் பெறுகிறது. ஸ்கேனரின் கண்ணாடிகளும் வில்லைகளும் முனைவாக்கம் பெற்ற ஒளியை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் கடத்துவதில்லை. எனவே பிலிமை நெடுக்காக வைத்தால் ஓர் எண், குறுக்காக வைத்தால் வேறோர் எண். ஸ்கேனரின் நடுவில் வைத்தால் ஒன்று, ஓரத்தில் வைத்தால் மற்றொன்று. அத்துடன் பலபடியாக்கம் கதிர் நின்றவுடன் நின்றுவிடுவதில்லை. மெல்ல மெல்லத் தணிந்தபடியே தொடர்கிறது. ஆகவே கதிர் கொடுத்து ஒரு நாள் கழித்து வாசிப்பது வழக்கமாயிற்று.

இவற்றுக்கு விடைகாணும் முயற்சிகளால் ஒரு தனி வாசிப்புக் கலையே உருவானது. சிவப்பு, பச்சை, நீலம் என ஸ்கேனர் தரும் மூன்று நிறங்களையும் ஒருசேரக் கணக்கிட்டு, உணர்படையின் தடிப்பு வேறுபாட்டைக் கதிரளவிலிருந்து பிரித்தெடுக்கும் முறையை 2011இல் மிக்கே, லூயிஸ், யூ ஆகியோர் முன்வைத்தனர். அறிந்த அளவு கொடுத்த துண்டையும் அறியாத துண்டையும் ஒரே வருடலில் வாசிக்கும் முறை அடுத்த ஆண்டு வந்தது. சபுரோவின் ஒப்பீட்டு அட்டையும் இதே கருத்தின் முன்வடிவம்தான்: அறியாத நிறத்தை அறிந்த நிறத்துக்கு அருகில், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்.

பிலிமில் பதிந்த பரவலைக் கணினித் திட்டத்துடன் ஒப்பிடுவதற்கும் ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. டேனியல் லோவும் உடனாய்வாளர்களும் 1998இல் காமா குறியீட்டை முன்மொழிந்தனர். கதிரளவில் எத்தனை விழுக்காடு, தொலைவில் எத்தனை மில்லிமீட்டர் விலகலாம் என்னும் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்குவது அது. இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது 3 விழுக்காடும் 2 மில்லிமீட்டரும் ஆகும்.

எலக்ட்ரான் திரும்பும் வழி

கதிர்வீச்சுச் சிகிச்சையின் பழைய ஏக்கம், கதிர் கொடுக்கும் அந்த நொடியில் உடலுக்குள் பார்க்க வேண்டும் என்பது. மூச்சுடன் ஈரல் மேலும் கீழும் நகர்கிறது. மலக்குடலில் வாயு நிரம்பினால் புராஸ்டேட் இடம் பெயர்கிறது. மென்திசுக்களைத் தெளிவாகக் காட்டுவது எம்.ஆர்.ஐ. ஆனால் எம்.ஆர்.ஐ. கருவியும் நேரியல் முடுக்கியும் ஒன்றையொன்று கெடுப்பவை. முடுக்கி எலக்ட்ரான்களை நேர்க்கோட்டில் ஓட்ட முயல்கிறது. காந்தம் அவற்றை வளைக்கிறது. முடுக்கியின் வானொலி அலைகள் எம்.ஆர்.ஐ. படிமத்தை இரைச்சலாக்குகின்றன.

இவற்றை இணைக்க முயன்றவர்கள் வெவ்வேறு வழிகளில் சென்றனர். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் யான் லாகென்டைக், பாஸ் ராய்மேக்கர்ஸ் ஆகியோரின் குழு, 1.5 டெஸ்லா காந்தத்தின் உறையை மாற்றியமைத்து, முடுக்கி இருக்கும் வளையப்பகுதியில் மட்டும் புலம் ஏறக்குறைய இல்லாமற் செய்தது. இணைப்பு இயலும் என்பதற்கான சான்றை 2009இல் வெளியிட்டது. கனடாவின் எட்மண்டனில் ஜீனோ ஃபலோனின் குழு, காந்தமும் முடுக்கியும் சேர்ந்தே சுழலும் அமைப்பில் 2008 இறுதியில் முதற்படிமத்தைப் பெற்றது. வியூரே நிறுவனம் முடுக்கியையே தவிர்த்து, 0.35 டெஸ்லா காந்தத்துடன் மூன்று கோபால்ட்-60 மூலங்களை இணைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2014 ஜனவரியில் முதல் நோயாளிகள் சிகிச்சை பெற்றனர். உட்ரெக்ட் வடிவம் 2017 மே மாதத்தில் நோயாளிகளை எட்டியது. அதுவே எலெக்டா நிறுவனத்தின் யூனிட்டி ஆயிற்று.

இயந்திரங்களைப் பிரித்து வைக்கும் சிக்கல் தீர்ந்தாலும், உடலுக்குள் நிகழ்வதைத் தீர்க்க வழியில்லை. ஃபோட்டான்களைக் காந்தப்புலம் வளைக்காது. ஆனால் திசுவில் ஆற்றலை இறக்கிவைப்பவை ஃபோட்டான்கள் உதைத்துத் தள்ளும் எலக்ட்ரான்களே, அவை வளைகின்றன. 1 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் 1.5 டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலும், 0.35 டெஸ்லாவில் அந்த ஆரம் 13 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். திசுவினுள் எலக்ட்ரான் அடிக்கடி மோதி ஆற்றலை இழப்பதால் முழு வட்டம் நிறைவதில்லை. காற்றில் அவ்வாறு தடுப்பார் இல்லை. உடலைவிட்டு வெளியேறிய எலக்ட்ரான் காற்றில் அரைவட்டமடித்து மீண்டும் தோலுக்கே வந்து சேர்கிறது. உட்ரெக்ட் குழுவைச் சேர்ந்த ராய்மேக்கர்ஸ் பெயருடைய மற்றோர் ஆய்வாளரும் உடனாய்வாளர்களும் 2005இல் விரிவாக ஆராய்ந்த இவ்விளைவு ‘எலக்ட்ரான் திரும்பல்’ எனப்படுகிறது. கதிர் வெளியேறும் பக்கத்துத் தோல், மூச்சுக்குழாயின் உட்சுவர், மலக்குடலில் வாயுக்குமிழியைச் சூழ்ந்த திசு என, காற்றும் திசுவும் சந்திக்கும் இடமெல்லாம் கதிரளவு கூடுகிறது. எதிரெதிர்த் திசைகளிலிருந்து கதிர் கொடுத்தால் இதை ஓரளவு ஈடுசெய்யலாம். ஆனால் ஈடாகியதா என்பதை யார் அளந்து சொல்வது?

இங்கேதான் அயனிக்கலத்தின் அரியணை ஆட்டங்கண்டது. அதன் உயிர் உள்ளிருக்கும் காற்று. அந்தக் காற்றிலும் எலக்ட்ரான்கள் வளைகின்றன. அவை கலத்தைக் கடக்கும் பாதையின் நீளமே மாறிவிடுகிறது. கலத்தின் அச்சைக் காந்தப்புலத்துக்கு இணையாக வைத்தால் ஓர் எண், செங்குத்தாக வைத்தால் வேறோர் எண். வேறுபாடு சில விழுக்காடு வரை செல்கிறது. நீருக்கு ஈடான பிளாஸ்டிக் கட்டையில் துளையிட்டுக் கலத்தைச் செருகினால், சுற்றியுள்ள மயிரிழை போன்ற காற்று இடைவெளியும் அளவை மாற்றுகிறது. திருத்தக்காரணிகள் கண்டறியப்பட்டு இன்று பயன்பாட்டில் உள்ளன. எனினும், 5 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டிய துறையில், அளவுகோலே சில விழுக்காடு தடுமாறியது சிறு செய்தியன்று.

பிலிமின் உள்ளே காற்று இல்லை. உலோகமும் இல்லை, எனவே எம்.ஆர்.ஐ. காந்தம் அதை இழுக்காது. தாளளவு தடிப்பே உள்ளதால் கதிரின் போக்கையும் பெரிதாகக் குலைக்காது. தோலின்மீதும் காற்றறையின் சுவரிலும் ஒட்டி, எலக்ட்ரான் திரும்பலை நேரடியாகப் படமாக்கலாம். 1928க்குப் பின் ஒதுக்கப்பட்ட நிறமுறை, 80 ஆண்டுகளுக்கு மேல் கடந்து, அயனிக்கலம் தயங்கிய இடத்தில் மீண்டும் அழைக்கப்பட்டது.

மாறியது அளவா, வாசிப்பா?

அழைக்கப்பட்ட சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் அன்றோ? பிலிமின் நிறமாற்றம் காந்தப்புலத்தால் பாதிக்கப்படுமா என்னும் வினா எழுந்தது. 2016இல் ரெய்னோசோவும் உடனாய்வாளர்களும் 0.35 டெஸ்லா இயந்திரத்தில் இ.பி.டி.2 பிலிமைச் சோதித்து, காந்தப்புலத்தில் அது குறைவாகக் கறுக்கிறது எனத் தெரிவித்தனர். சிவப்பு நிறத்தில் அக்குறைவு சராசரியாக 8 விழுக்காட்டைத் தாண்டியது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகங்களின் அமைவிலும் வேறுபாடு கண்டதாக அவர்கள் கூறினர். இது உண்மையாயின் பிலிம் இவ்வேலைக்கு உதவாது. 2018இல் டெல்ஃப்ஸ் குழுவினர் இ.பி.டி.3 பிலிமை 1.42 டெஸ்லா வரை சோதித்து, விளைவு சிறியது, ஆனால் புறக்கணிக்கத்தக்கதன்று என்றனர். சில விழுக்காட்டுக்குள் அடங்கும் முடிவுகளே பின்னரும் பிறரால் பெறப்பட்டன.

இம்முரண்பாட்டை எவ்வாறு புரிந்துகொள்வது? காந்தப்புலத்தை இயக்கியதும் இரண்டு மாறலாம். பிலிம் இருக்கும் இடத்தைச் சேரும் கதிரளவே மாறலாம். அல்லது அதே கதிரளவுக்கு பிலிம் தரும் நிறம் மாறலாம். முன்னது இயற்கை, பின்னது கருவியின் பிழை. பிலிமின் கறுமையை மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. கட்டைகளுக்கு நடுவே பிலிமை வைக்கும்போது எஞ்சும் மெல்லிய காற்று இடைவெளியே முன்னதற்குப் போதுமானது. பிணைப்பூடகத்தில் உறைந்திருக்கும் ஊசிப்படிகங்கள், சில நிமிடங்களே நீடிக்கும் கதிரேற்றத்தின்போது திரும்பி அமையும் என்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பிலிம் வகையும், வாசிப்பு முறையும், இடைவெளிகளும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டதையே முதலில் ஐயுற வேண்டும்.

நடைமுறை இவ்விவாதம் முடியக் காத்திருக்கவில்லை. அளவுத்திருத்தத்துக்கான துண்டுகளையும் அதே காந்தப்புலத்தில், அதே இயந்திரத்திலேயே கதிரேற்றிவிட்டால், புலத்தால் நேரும் நிறவேறுபாடு இருபுறமும் பொதுவாகிக் கழிந்துவிடும். அறியாததை அறிந்ததன் அருகில் வைக்கும் பழைய உபாயம் இங்கும் கைகொடுத்தது.

மற்றொரு சோதனையில் பிலிமுக்கே உதவி தேவைப்பட்டது. முடுக்கி சுழலும் மையம் எங்குள்ளது என்பதை அறிய, பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்க்கீற்றுகளை ஒரே பிலிமின்மீது பாய்ச்சி, நட்சத்திர வடிவில் அவை வெட்டும் புள்ளியைக் காண்பது நெடுநாளைய வழக்கம். காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் ஒரு பக்கமாகச் சாய்வதால் ஒவ்வொரு கீற்றும் பிறழ்ந்து, மையம் தவறான இடத்தில் தோன்றியது. உட்ரெக்ட் ஆய்வாளர்கள் 2016இல் இதற்குக் கண்ட தீர்வு, பிலிமைச் செம்பு போன்ற அடர்ந்த பொருளால் சூழ்வது. செம்பினுள் எலக்ட்ரான் நெடுந்தொலைவு செல்ல இயலாது, வளைவதற்குள் நின்றுவிடும். கீற்று நேராகிவிட்டது. இப்புதிய இயந்திர வரலாற்றில் நான் கண்ட தீர்வுகளுள் இதனினும் எளியது இல்லை.

ஒரு நாள் இடைவெளி

எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் சிகிச்சையின் சிறப்பு, நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே அன்றைய படிமத்தைப் பார்த்து அன்றைக்கென ஒரு திட்டம் வகுத்துக் கொடுப்பது. பிலிமோ ஒரு நாள் காத்திருக்கச் சொல்கிறது. அன்றைய திட்டத்தை அன்றே பிலிமால் சரிபார்க்க இயலாது. அப்பணி வேறொரு கணினி நிரலின் தற்சார்பான கணக்கீட்டுக்குச் சென்றுவிட்டது. கணினியைக் கணினி சரிபார்க்கிறது. பனாமாவை நினைவில் கொள்பவர்க்கு இது முழு மன அமைதி தராது. எனவே பிலிமின் பணி முன்னரே தொடங்குகிறது: இயந்திரத்தை நோயாளிகளுக்குத் திறந்துவிடும் முன், உடலைப் போலச் செய்த மாதிரியினுள் பிலிமை வைத்து, படிமம் எடுப்பது, திட்டம் வகுப்பது, மாற்றியமைப்பது, கதிர் கொடுப்பது என முழுச் சங்கிலியையும் ஓட்டிப் பார்ப்பது. அமெரிக்க மருத்துவ இயற்பியலர் சங்கம் நிறமாற்றப் பிலிமுக்கான தனது முதல் வழிகாட்டு அறிக்கையை 1998இல் வெளியிட்டது. 2020இல் அதைப் புதுப்பித்தபோது அறிக்கையில் பெரும் இடம்பிடித்தது ஸ்கேனரும் வாசிப்பு நெறியுமே.

வரலாற்று மாணவருக்கு இதில் தனிப்பட்ட ஓர் இடர் உண்டு. 2023 ஜூலையில் வியூரே நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது, எம்.ஆர்.ஐ. வழிகாட்டும் சிகிச்சையின் முதல் பதிற்றாண்டைப் பற்றிய சான்றுகளைத் தேடுவோர் இனி மருத்துவமனை அலமாரிகளையே நாட வேண்டியிருக்கும். அங்கு உறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் பிலிம்கள் ஓலைச்சுவடியைப் போன்றவை அல்ல. சுவடியின் எழுத்து மங்கும். இப்பிலிமோ இருட்டிலும் மிக மெதுவாகக் கறுத்துக்கொண்டே இருக்கிறது. பத்தாண்டு கழித்து அதை மீண்டும் வருடினால் கிடைப்பது, சிகிச்சை நாளின் கதிரளவு அன்று. அன்று எடுத்த வருடல் கோப்பே சான்று. அதனுடன் பிலிமின் உற்பத்தித் தொகுதி எண், அதே தொகுதியின் அளவுத்திருத்த வளைவரை, ஸ்கேனரின் பெயர், பிலிமை வைத்த திசை, கதிரேற்றத்துக்கும் வருடலுக்கும் இடையே கழிந்த நேரம் ஆகியவை சேர்த்து வைக்கப்படாவிட்டால், அக்கோப்பிலுள்ள நீல நிறத்தைக் கிரே அலகுக்கு மாற்ற எவராலும் இயலாது.